பனிக்காட்டில் தேனிலவு... காட்டுக்காகவே வாழ்ந்த காதல் ஜோடி!

கல்யாணம் முடிந்த கையோடு, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் பனிக்காட்டுக்குள் மான்களைத் தேடிப் போகலாம் என்று கணவர் கூப்பிட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? மார்டி சம்மதித்தார். அமெரிக்காவின் அலாஸ்காவில் 1924-ல் நடந்த கதை இது.

ஃபேர்பேங்க்ஸ் நகரில் வளர்ந்தவர் மார்டி. கேரிபூ மான்களை ஆய்வு செய்ய அரசு அனுப்பிய உயிரியலாளர் ஓலாஸ் மியூரி. 1921-ல் இருவரும் அறிமுகமானார்கள். வயது வித்தியாசம் 13. ஆனால் காடு, ஆறு, பறவை என்று பேச்சு ஆரம்பித்தால் அந்த வித்தியாசமெல்லாம் காணாமல் போய்விடும்.

அலாஸ்காவின் அந்தக் காலத்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் மார்டிதான். பட்டம் வாங்கிய அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், யூகான் ஆற்றங்கரையில் உள்ள அன்விக் கிராமத்தில், அதிகாலை மூன்று மணிக்குத் திருமணம். தேனிலவு? படகிலும் சறுக்கு வண்டியிலுமாக 800 கிலோமீட்டருக்கு மேல், மான் கூட்டங்களின் பின்னாலேயே பயணம்! அடுத்து, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆய்வுக்குக் கிளம்பினார்கள்.

1927-ல் எல்க் மான்களை ஆராய வயோமிங் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1945-ல் மூஸ் என்ற ஊரில் பழைய பண்ணை ஒன்றை வாங்கினார்கள். காடுகளைக் காக்கப் பாடுபட்டவர்களுக்கெல்லாம் அந்த மரவீடுதான் வேடந்தாங்கல். 1956-ல் மறுபடி அலாஸ்காவின் ஷீன்ஜெக் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்கி, அந்த நிலத்தைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார்கள். பலன், 1960-ல் சுமார் 36,000 சதுர கிலோமீட்டர் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகமானது.

1963-ல் ஓலாஸ் காலமானார். அவர் பாடுபட்ட கானகச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1964 செப்டம்பரில். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அந்தக் காட்சியைப் பார்க்க மார்டி மட்டும்தான் இருந்தார். ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அத்தோடு அவர் வீட்டில் முடங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், மார்டி தொடர்ந்து எழுதினார், பேசினார். அலாஸ்காவில் எந்தெந்த நிலங்களைப் பூங்காவாக்கலாம் என்று பார்க்க எழுபது வயதுக்கு மேலும் கிளம்பிப் போனார். 1980-ல் அங்கே 10 கோடி ஏக்கருக்கு மேல் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1998-ல் நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருது அவரைத் தேடி வந்தது. 2003-ல் 101 வயதில் மறைந்தார்.

ஒரே விஷயம் இருவருக்கும் பிடித்திருப்பது காதலுக்கு நல்ல ஆரம்பம். ஒருவர் போன பிறகும் அந்த விஷயத்தை இன்னொருவர் 40 ஆண்டுகள் சுமந்தாரே, அதற்குப் பெயர்தான் தாம்பத்யம்.

அந்த மரவீடு இப்போது கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, தேசிய வரலாற்றுச் சின்னமாக!