காணாமல் போகாத பெண்கள்

இரு இளைஞர்களின் காதலையும் அதை ஏற்க மறுக்கும் ஓர் அலகாபாத் குடும்பத்தையும் வைத்து எடுத்த 'சுப் மங்கள் ஸ்யாதா சாவ்தான்' 2020 பிப்ரவரியில் கொல்கத்தாவுக்கு வந்தபோது பார்த்தேன். அரங்கம் சிரித்தது, நானும் வாய்விட்டுச் சிரித்தேன். வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்போடு கதையின் முடிச்சு அவிழ்கிறது. அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெற்ற பிள்ளை மீது, அந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவில் வழக்குப் போடச் சொல்லி எந்தத் தகப்பனும் வழக்கறிஞரான என்னிடம் வந்ததில்லை. அவர்கள் கொண்டுவந்ததெல்லாம் 'மகளைக் காணவில்லை' என்று காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலைத்தான்.

அந்தப் புகாரில் சட்டப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றவர் தேடித் தரச் சொல்கிறார், தேடுவது போலீஸின் கடமை. கண்டுபிடித்த பிறகுதான் விதி வளைகிறது. மேஜரான ஒரு பெண் தன் விருப்பத்தோடு தோழியின் அறையில் இருக்கிறாள் என்று தெரிந்த கணமே கோப்பை மூடியிருக்க வேண்டும். மாறாக அவளை நிலையத்துக்கு வரவழைத்து, அப்பா, அம்மா, மாமா எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, 'வீட்டுக்குப் போறியாம்மா?' என்று கேட்பார்கள். அவள் தலைகுனிந்து நின்றால் அதையே சம்மதமாக எழுதிக்கொள்வார்கள். பெற்றவர்களின் கண்ணீர் பொய்யில்லை என்பதால்தான் அந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடிவதில்லை.

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கின் உத்தரவுகளை நான் இங்கிருந்தே ஒன்றுவிடாமல் படித்துவந்தது இதனால்தான். மதுரையைச் சேர்ந்த, மேஜரான இரு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் கொடுத்த புகார்களின்பேரில் முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு இருவரும் மனுச் செய்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவசரப்படவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். மகள்கள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலமெல்லாம் துணையே இல்லாமல் இருந்தால்கூடக் கௌரவம் என்று பெற்றோர் நினைப்பதாக அறிக்கை வந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. பிறகு நீதிபதி செய்ததை என் தொழில் வாழ்க்கையில் வேறெங்கும் நான் கண்டதில்லை. இந்த விஷயத்தில் தமக்கே தெளிவு போதாது என்று உத்தரவிலேயே எழுதி, அதே ஆலோசகரிடம் தாமும் போய் உட்கார்ந்தார். ஜூன் 7 உத்தரவு, காணாமல் போனதாகப் புகார் வந்தவர்கள் இத்தகைய உறவில் சம்மதத்தோடு இருக்கும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக் கூடாது என்றது. பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களையும் தடைசெய்தது.

வங்காளத்தில் இதற்குப் பத்தாண்டு முன்பு, 2011-இல், நந்திகிராமில் ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள் சேர்ந்தே உயிரை விட்டார்கள். உயிரோடிருந்தபோது விடாத குடும்பங்கள், உடல்களை வாங்க வரவில்லை. கொல்கத்தாவின் 'சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி' அமைப்போடு சேர்ந்து தேபலீனா எடுத்த 'ஏபங் பேவாரிஷ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. அவர்கள் எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறவில்லை.

2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம், தேவு ஜி. நாயர் வழக்கில், ஆட்கொணர்வு மனுக்களுக்கு நெறிமுறை வகுத்தது: பெற்றோரின் நிழல் படாத இடத்தில் விருப்பத்தைக் கேட்க வேண்டும், ஆலோசனை என்ற பெயரில் மனதை மாற்ற முயலக் கூடாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு வாசகமும் அதில் இருக்கிறது. வீட்டார் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக வரும் மனுவை, பிள்ளை மைனர் என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே தள்ளிவிடக் கூடாது. அதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளை நினைத்த இடத்தில் வாழலாம் என்று பொருளில்லை. அவன் குரல் நீதிபதியின் காதுவரை போகும், அவ்வளவே. அதற்கு முன் அதுகூட இல்லை.

பதினெட்டைத் தாண்டியவர்களுக்கும் வயதை நிரூபிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வங்காளத்தில் பிறந்த தேதிக்கு எல்லோரும் காட்டுவது மாத்யமிக் எனும் பத்தாம் வகுப்புத் தேர்வின் அட்மிட் கார்டை. வீட்டை விட்டு ஓடிவந்தவரின் கார்டு பெரும்பாலும் அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதை எடுத்துவந்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும் என்ற வேண்டுகோளை இப்போதெல்லாம் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.