பெரியமாமாவின் முகவரி

அஞ்சடியில் அட்டை விரித்துப் படுத்திருந்தவரை எனக்கு முதலில் தெரியவில்லை. "நல்லா இருக்கியா புள்ளே?" என்ற குரல்தான் எங்கள் தோட்டத்துப் பெரியமாமாவைக் காட்டிக் கொடுத்தது. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனது, லயமும் போனது. தூங்கும்போது ஐ.சி.யைப் பையோடு யாரோ திருடிவிட்டார்கள்.

"ஐ.சி. இல்லாதவனுக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்றார்.

அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். முகவரி கேட்டார்கள். மாமா தலைகுனிந்தார். எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னேன். அன்றிரவு முதல் அதுவே அவர் வீடு.

வீதியில் படுப்பவர்களுக்குக் கார்டு கொடுத்தால் கண்டவர்களும் வாங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 1948-இல், அவசரகாலத்தில், இந்நாட்டில் அடையாளக் கார்டு வந்தபோதே அதில் படமும் கைரேகையும் இருந்தன. கூரை போனாலும் கைரேகை போகுமா? அதை வைத்துச் சரிபார்க்கட்டும். சொந்தபந்தம் இல்லாதவர் எந்த முகவரியைச் சொல்வார்?

தோட்டத்தை விட்டுக் கிளம்பும் தாய்மார்களே, சட்டிபானைக்கு முன் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். அஞ்சடியில் தெரிந்த முகம் கண்டால், நின்று பெயரைக் கேளுங்கள்.