ஆயா கண்டுபிடித்த பிழை



ஃபவுண்டரி ஷாப்பில் முதன்முதலாக மரப் பேட்டர்னை மணலில் பதித்து எடுத்த நாள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பேட்டர்ன் ஒன்று, வார்ப்புகள் பல. இந்த வேலையைச் சொற்களில் செய்தவர் ஒருவர் நம் திருவண்ணாமலையிலேயே இருந்திருக்கிறார். 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர்தான் அவர்!

வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிய கதை நமக்குத் தெரியும். அவர் பாடிய திருப்புகழில் இன்று கிடைப்பவை 1,300-க்கும் மேல். புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'தனன தான' என்பது போல் ஒரு சந்தம் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ஒரே சந்தத் துண்டு மூன்று முறை வரும். பிறகு 'தொங்கல்' என்ற சிறு வால். பாட்டுக்குப் பாட்டு இந்தப் பேட்டர்ன் மாறலாம். ஒரு பாட்டுக்குள் கடைசி அடிவரை மாறாது.

பிரான்ஸ் நாட்டிலும் அந்நாளில் பாட்டுக்கு அச்சு உண்டு. ரோந்தோ, பாலாத், விர்லே என மூன்று. எட்டடி ரோந்தோவில் முதல் அடி மூன்று முறை வந்தே தீரவேண்டும். 1377-ல் மறைந்த கியோம் தெ மாஷோ இதில் கைதேர்ந்தவர். இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. பதில் சொன்னது எங்க ஆயா.

ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ராஜகோபுரத்துக்கிட்ட பூ கட்டி விற்றுத்தான் எங்களை வளர்த்தது. பஜனையில் கேட்டுக் கேட்டே ஐம்பது திருப்புகழுக்கு மேல் பாடும். இப்போது ஒரு வருடமாக ஞாபகம் தப்புகிறது. சொல் மறந்தாலும் நிற்காது. அந்த இடத்தைத் 'தன்ன தனன' என்று நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும்.

போன ஆடிக் கிருத்திகை அன்று, "நீதான் படிச்ச புள்ளையாச்சே, பொஸ்தகத்தப் பாத்து விட்டுப்போனத சொல்லுடா" என்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பெருமையாகப் படித்தேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஆயாவின் கை சட்டென்று நின்றது.

"ஒரு எழுத்த முழுங்கிட்ட கண்ணு!"

பார்த்தேன். உண்மைதான். ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது! எழுத்தே தெரியாத ஆயா, விட்டுப்போன எழுத்தைப் பிடித்துவிட்டது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சந்தம் என்ற அச்சு கட்டுப்பாடு மட்டுமல்ல. ஏட்டைத் தொடாதவர்கள் வாயில் பாட்டு சிதையாமல் காத்ததும் அதுதான்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆயா பாடும், நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்புகழை அச்சேற்ற வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்தார். நண்பர்களே, நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் வீட்டுத் திண்ணை வரை போனால் போதும். ஆனால், சீக்கிரம் போகவேண்டும்!

– மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு மாணவன்