பழைய வண்டிக்குப் புதிய டயர்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், வாப்பா சபுர் முடித்து ஊர் திரும்பிய 2003ஆம் ஆண்டில் வாங்கியது. அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று சொல்லாத உறவினர் இல்லை. ஆனால் எஞ்சினில் குறை இல்லை. எங்கள் கையிலும் மிச்சம் இல்லை. ஆகவே அந்த வண்டியே இன்றும் அதிராம்பட்டினத்துக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே எங்களைச் சுமந்து செல்கிறது.

சென்ற ஐப்பசியின் முதல் மழையன்று, மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு திரும்பும் வழியில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்த கணத்தில் பின்சக்கரம் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிச் சென்றது. வண்டி சாயவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்கள் இடுப்பைப் பற்றியிருந்த அந்தச் சின்னக் கைகளின் இறுக்கம் வீடு வந்து சேரும்வரை தளரவில்லை.

அன்றிரவு டார்ச் விளக்குடன் குனிந்து பார்த்தோம். டயரின் நடுப்பகுதி உள்ளங்கையைப் போல வழவழத்திருந்தது. டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். அதற்கு நேரே, பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று உண்டு. தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இருசக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் டயரில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறும்போது பயண துஆவை ஓதினோம். ஒரு நாளேனும் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை.

மகளின் பள்ளிக் கட்டணம் செலுத்திய மாதம் அது. எனவே குறைந்த விலையில் எது கிடைக்கும் என்ற எண்ணத்துடன்தான் பட்டுக்கோட்டையில் உள்ள டயர் கடைக்குச் சென்றோம். முதலில் கண்ணில் பட்டது கடையோரம் அடுக்கியிருந்த, கழற்றிய டயர்கள். 500 ரூபாய்க்கு ஒன்று. பள்ளங்கள் நன்றாகவே தெரிந்தன. கையில் எடுத்து உட்புறத்தை விரலால் தடவியபோது ஒட்டுப் போட்ட தடிப்பு தட்டுப்பட்டது. பக்கச் சுவரை மடக்கிப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள். அதைக் கீழே வைத்தோம்.

இரண்டாவதாக, 1,050 ரூபாய்க்குப் புத்தம் புதிய டயர் ஒன்று. எங்கள் முகம் மலர்ந்ததைக் கண்ட கடைக்காரர் தாமே சிரித்தார். "பாய், விலையைப் பார்த்தீங்க, வயசைப் பார்க்கலையே" என்று பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். 1117 என்றிருந்தது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் வாரத்தில் உருவானது என்று அதற்குப் பொருள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றிருப்போம். தம் சரக்கின் குறையைத் தாமே எடுத்துச் சொல்லும் வியாபாரியிடம் அதற்குமேல் பேரம் பேச மனம் வரவில்லை.

சற்று அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடுமா என்று கேட்டோம். அவர் தலையை அசைத்தார். ரிம்முக்குப் பொருந்தாத அகலம் வண்டியைக் கனமாக்கும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும் என்றார். எங்கள் வண்டியின் அளவு 2.75-18. முதல் எண் டயரின் அகலத்தையும், 18 என்பது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிப்பவை. அதையடுத்து 48பி என்றிருந்தது. 48 என்றால் அந்த டயர் 180 கிலோ வரை தாங்கும்; பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை ஈடுகொடுக்கும். எங்கள் ஸ்பிளெண்டர் அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. ஆனால் எடைக்கான எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கணவன், மனைவி, நடுவில் குழந்தை, கொக்கியில் மளிகைப் பை என்று செல்லும் நம் குடும்பங்களுக்கு அது வெறும் எண் அன்று.

இறுதியில், அந்த ஆண்டே தயாரான டயரை 1,550 ரூபாய்க்கு வாங்கினோம். டியூப் 280, மாட்டுக் கூலி 100. பழைய டியூபையே போட்டால் மிச்சமாகுமே என்றோம். நீண்டு தளர்ந்த டியூப் புதிய டயருக்குள் மடிந்து வெடிக்கக்கூடும் என்று அவர் விளக்கினார். கம்பிச் சக்கரமாதலால், கம்பிகளின் முனை டியூபைக் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பையும் மாற்றினார். புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். நாங்கள் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது, எங்களுடையதைப் போன்ற வண்டியுடன் ஓர் இளைஞர் வந்தார். கழற்றிப் போட்ட எங்கள் டயரைப் பார்த்து, "அண்ணே, அதை நான் எடுத்துக்கட்டுமா? என்னோடது இதைவிட மோசம்" என்றார். கொடுத்துவிடலாம் என்றே முதலில் தோன்றியது. செலவில்லாத தர்மம் அல்லவா! ஆனால், நம் பிள்ளையை ஏற்றிச் செல்லத் தகாது என்று கழற்றிய ஒன்றை, இன்னொரு தாயின் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? நமக்குக் கொடுத்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளை தர்மமாகக் கொடுக்காதீர்கள் என்பதல்லவா குர்ஆனின் போதனை? டயரை இரண்டாக அறுத்துவிடும்படி கடைக்காரரிடம் சொன்னோம். இளைஞரிடம் காரணத்தையும் சொன்னோம். அவர் எதுவும் பேசாமல் வண்டியை உதைத்துக் கிளப்பிச் சென்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேட்டார்: "டயரை அறுத்தது சரி. அந்தத் தம்பிக்கு என்ன செய்தீங்க?"

எங்களிடம் பதில் இல்லை. தீயதைத் தடுத்த திருப்தியிலேயே நின்றுவிட்டோம். அதற்கு மாற்றாக நல்லதொன்றை வைக்க மறந்துவிட்டோம். மறுநாள் மனம் பொறுக்காமல் கடைக்குச் சென்று விசாரித்தோம். கடைக்காரர் தம் கணக்கு நோட்டைப் புரட்டியபடியே, "நேத்து சாயங்காலமே வந்துட்டார் பாய். புது டயர் போட்டு அனுப்பிட்டேன். மாசம் முந்நூறு தர்றதாப் பேச்சு" என்றார். அதை அவர் ஒரு பெரிய செயலாகச் சொல்லவில்லை. அன்றைய வியாபாரத்தில் ஒரு வரியாகவே சொன்னார். எந்த வயதுடைய டயர் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

சிக்கனம் நமக்கு அழகுதான். ஆனால் எதில் குறைப்பது, எதில் குறைக்கக் கூடாது என்று அறிவதே சிக்கனம். வண்டி பழையதாக இருக்கலாம். தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர் பழையதாக இருக்கக் கூடாது. பின்னிருக்கையில் அமர்பவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த மழைக்காலத்தில், அடுத்த முறை வண்டியில் ஏறுமுன், துஆவுக்கு நாவை அசைக்கும் அதே வேளையில் சற்றே குனிந்து சக்கரத்தையும் பாருங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் சக்கரமும் கண்ணில் படட்டும்.