பூண்டிக்கு ஒரு பகல்

குழந்தை குட்டிகளுடன் ஒரு நாள் வெளியூர் போய் வருவது என்பது, நம்மவர் வீடுகளில், ஒரு சிறு கல்யாணத்தை நடத்தி வைப்பதற்குச் சமானமான காரியம். தாத்தாவுக்குக் கோயில் பார்க்க வேண்டும். பாட்டிக்கு வழியில் உள்ள உறவினர் வீட்டில் தலை காட்ட வேண்டும். வீட்டு எஜமானருக்குச் சாப்பாடு நேரத்துக்கு வேண்டும். கடைசியில் மூன்று கோயில், ஒரு கடற்கரை, ஒரு மிருகக்காட்சி சாலை என்று ஒரு நீண்ட ஜாபிதா தயாராகிவிடும். நாலு வயதுக் குழந்தையை மறுநாள் கேட்டால், அதற்கு ஞாபகம் இருப்பது வண்டியின் ஜன்னலும் வெயிலும்தான்.

ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் செய்தோம். ஒரு நாளைக்கு ஓர் ஊர். அந்த ஊரிலும் மூன்று காட்சிகளுக்கு மேல் கூடாது. இந்த நிபந்தனைக்கு உட்பட்டு நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர், திருவள்ளூருக்கு அருகில் உள்ள பூண்டி. சென்னைப் பட்டணத்தில் குழாயைத் திருகிக் குளிக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்ட, இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

முதலில் ஒரு சங்கதி. கும்மிடிப்பூண்டி வேறு, பூண்டி வேறு. கும்மிடிப்பூண்டி வடக்கே கூடூர் போகும் ரயில் பாதையில், 'சிப்காட்' தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஊர். நமது பூண்டியோ மேற்கே அரக்கோணம் போகும் பாதையில் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். பெயரில் பாதியைக் கேட்டுவிட்டு டிக்கட் வாங்குகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் குடும்பத்தார் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் சாலையிலேயே வந்து சேரலாம். சென்னைவாசிகளுக்கு மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலே சிலாக்கியம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்தப் பிரயாணத்தில், குழந்தைகள் எழுந்து நடக்கலாம், ஸ்டேஷன் பெயர்களை எழுத்துக் கூட்டலாம்.

நாள் பார்ப்பதும் அவசியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி பாதியிலிருந்து மாசி வரையில் ஏரியில் தண்ணீர் இருக்கும். வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைத் தரிசிக்கவும், ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைக்கவும் ஜனங்கள் திரள் திரளாக வருவார்கள். கைக்குழந்தையுடன் அந்தக் கூட்டத்தில் பஸ் ஏறுவது புண்ணியமாக இருக்கலாம், உல்லாசமாக இராது. காணும் பொங்கலும் அப்படியே. மழை வலுத்து மதகுகளைத் திறந்துவிட்டிருக்கும் நாள்களில், பார்க்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்தாலும், சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகவே கூடாது. 2015-லும் 2021-லும் இந்த ஏரியிலிருந்து ஏராளமான வெள்ளத்தை வெளிவிட நேர்ந்தது. கொசஸ்தலை ஆற்றின் கரையோரக் கிராமங்களுக்கு அப்போதெல்லாம் அபாய அறிவிப்புச் செய்வது வழக்கம். நமக்கு வேடிக்கையாயிருப்பது அவர்களுக்கு வீடு வாசலைப் பற்றிய கவலை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் கரைமேல் ஏறி நின்றபோது, காற்றில் சிற்றலைகள் எழுந்து வந்து கல்லில் மோதிக்கொண்டிருந்தன. எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. 'இது சமுத்திரமா?' என்று கேட்டான் எங்கள் கூட்டத்தில் இளையவன். சமுத்திரம் இல்லை என்றாலும் இதற்குச் சாகரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்: சத்தியமூர்த்தி சாகரம்.

அந்தப் பெயரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தீரர் சத்தியமூர்த்தி என்றால், சட்டசபையில் அன்னிய சர்க்காரைத் திணற அடித்த பேச்சு வன்மையே பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். அவர் 1939-ல் சென்னை நகர மேயரானார். புழல் ஏரியும் சோழவரம் ஏரியும் பெருகிவரும் பட்டணத்துக்குப் போதாமல் தவித்த காலம் அது. இங்கே கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று முயன்றவர் அவரே. 1940-ல் வேலை தொடங்கிற்று. உலகமெங்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே கட்டி முடித்து 1944-ல் பூர்த்தி செய்தார்கள். ஆனால் சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் சிறை சென்று, உடல் நலம் குன்றி, 1943 மார்ச் 28-ல் காலமாகிவிட்டார். மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும் என்பார்கள். அந்தப் பேச்சாளரின் பெயரில் இங்கே தண்ணீர் நிற்கிறது.

எவ்வளவு தண்ணீர்? ஏரியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. உயரம் 35 அடி. இந்தக் கணக்கு குழந்தைக்கு விளங்காது, நமக்கும் விளங்காது. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். வீட்டில் இருக்கும் 15 லிட்டர் வாளியால் மொண்டு தீர்க்க வேண்டுமானால் சுமார் 610 கோடி வாளி மொள்ள வேண்டும் என்று நாங்கள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். மூத்த பெண், 'யார் மொள்ளுவது?' என்று கேட்டாள். பட்டணம் மொள்ளுகிறது. இங்கிருந்து கால்வாய்கள் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போய், பிறகு சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்கு வருகிறது.

வெறும் மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. 1983-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, கிருஷ்ணா நதியின் ஜலம் ஆந்திர தேசத்துக் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக இதே பூண்டிக்கு வருகிறது. 1996-ல் அது முதல்முறையாக ஊத்துக்கோட்டைக்கு அருகே தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தது. மஹாபலேசுவரத்து மலையில் பிறந்த நதி மயிலாப்பூர்க் குழாயில் விழுகிறது என்றால், பூகோளப் புஸ்தகத்துக்கும் சற்று உயிர் வந்துவிடுகிறது அல்லவா? அப்படியும் 2019-ஆம் வருஷக் கோடையில் பூண்டி உட்படச் சென்னையின் ஏரிகள் வறண்டன. பட்டணத்துத் தெருக்களில் குடங்கள் வரிசை பிடித்து நின்றதை மூத்த பெண் மறக்கவில்லை. "அப்போ இங்கே மண்ணுதான் இருந்ததா?" என்று கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் நிற்கும் வரையில் குழந்தையின் கை பெரியவர் கையில் இருக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை என்று புறப்படும்போதே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பதற்கு ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கால் நனைக்கலாமே என்று யாராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம். அமைதியாகத் தோன்றும் நீர்த்தேக்கங்களில் இறங்கி உயிர் இழந்தவர்கள், நீந்தத் தெரிந்தவர்களும் உட்பட, அநேகர். அணையின் அருகே மர நிழல் இருக்கிறது. ஓடி விளையாட அது போதும். பட்டணத்துப் பூங்காக்களைப்போல் ஜோடனைகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கோயில்கள் உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்திவிடும் ஆதலால், இரண்டாவதாக ஊன்றீசுவரர் கோயிலுக்குப் போனோம். கதையில் குழந்தைகளுக்கு உள்ள ருசி இங்கே நன்றாகப் பலித்தது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதால் கண் பார்வை இழந்த சுந்தரர், தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கத்துக்கு வந்து இறைவனிடம் முறையிட்டார். இறைவன் கண்ணைக் கொடுக்கவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். கோபம் வந்த சுந்தரர் கோலை வீசி எறிய, அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடித்துவிட்டது என்பது ஸ்தல வரலாறு. அம்பிகைதான் மனம் இரங்கி மின்னல் ஒளியாக வழி காட்டினாளாம். ஒடிந்த கொம்புடன் நந்தி இன்றும் இருக்கிறது. எங்கள் சிறுவன் நந்திக்கு வலித்திருக்குமா என்று விசாரித்தான்.

ஆனால் அந்தப் பழைய திருவெண்பாக்கம் இப்போது ஏரிக்குள் இருக்கிறது. நீர்த்தேக்கம் கட்டியபோது தேவாரப் பாடல் பெற்ற அந்தத் தலமே முழுகியது. மூர்த்திகளைக் கொண்டுவந்து பூண்டியில் புதுக் கோயில் எழுப்பி 1968-ல் குடமுழுக்குச் செய்தார்கள். வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, குழந்தைகளைப் பார்த்து, "எங்கம்மா பொறந்த வூடு அதோ அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்குது, கண்ணு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஊரைக் காட்டுவதுபோல் சொன்னாள். சாமிக்கு வேறு கோயில் கிடைத்தது. அந்த வீட்டாருக்கு என்ன கிடைத்தது என்று அவளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டோம். பட்டணத்தார் குடிக்கும் ஒவ்வொரு குவளையிலும் யாரோ ஒருவருடைய ஊர் கரைந்திருக்கிறது.

மத்தியானம் மரத்தடியில் பாயை விரித்தோம். புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுபோவதே உத்தமம். குழந்தைகளுக்குத் தயிர்சாதத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்; புளியோதரையின் மிளகாயில் ஆரம்பித்தால் கையில் உள்ள குடிதண்ணீர் அங்கேயே தீர்ந்துவிடும். இத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தும் குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்து போக வேண்டியிருக்கிறதே என்று எங்கள் பாட்டி வியந்தாள்.

மூன்றாவது காட்சி, மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். அளவில் சிறியது, சிறு குழந்தைகளுக்கு அதுவே நன்மை. அரசாங்கக் காட்சி சாலைகளுக்கு வார விடுமுறை உண்டு ஆகையால் முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்படவும். இங்கே இருப்பவை கற்கள். பார்வைக்கு ஆற்றோரத்துக் கூழாங்கற்களே. ஆனால் உற்றுப் பார்த்தால், ஒரு பக்கம் கைக்கு அடக்கமாகவும் மறுபக்கம் கூராகவும் யாரோ செதுக்கியிருப்பது தெரியும்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30-ல் பல்லாவரத்தில் இப்படி ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், அவரும் வில்லியம் கிங் என்பவரும் பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பலவற்றைக் கண்டார்கள். ஃபூட் சேகரித்தவற்றை 1904-ல் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் வாங்கியது. பின்னர் சாந்தி பப்புவும் அவருடைய சகாக்களும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் பொறுமையாக அகழ்ந்து ஆராய்ந்து, மிகப் பழைய அடுக்கில் உள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். வயதை அறிந்த விதம் வெகு விசித்திரமானது. தரைமேல் கிடக்கும் கல்லில், வானவெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, அபூர்வமான ஒருவகை அலுமினியமும் பெரிலியமும் அணு அணுவாகச் சேருகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் சேர்க்கை நின்றுவிடுகிறது. சேர்ந்தவை வெவ்வேறு வேகத்தில் குறையத் தொடங்குகின்றன. மிச்சத்தை அளந்தால், புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிகிறது.

பதினைந்து லட்சம் ஆண்டுகள் என்றதும் நம்மவர் சிலர் மார்பு தட்டத் தொடங்குவார்கள். அவசரம் வேண்டாம். அப்போது நமது மனித இனமே தோன்றவில்லை. இவற்றைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய வேறு ஓர் இனத்தார். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆயினும், எங்கள் பெண் கண்ணாடிப் பெட்டியின்மேல் தன் சின்னக் கையை விரித்து வைத்து, உள்ளே இருந்த கைக்கோடரியோடு அளவு பார்த்தபோது, நடுவே இருந்த காலம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சங்கடம் வெளியே வந்த பிறகுதான். சிறுவனின் சட்டைப் பைகள் இரண்டும் கனத்துத் தொங்கின. வழியெல்லாம் கல் பொறுக்கியிருக்கிறான்! எல்லாம் சாதாரணச் சரளைக் கல்லாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பிரதேசத்தில் எந்தக் கல் சாதாரணமானது என்று நாமா தீர்மானிப்பது? மேலே சொன்ன கணக்கெல்லாம், கல் கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் செல்லும். பட்டணத்து அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். இதை ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லி விளங்கவைக்க அரை மணி நேரம் பிடித்தது. 'இது தன்னுடைய ஊரை விட்டு வந்தால் பேச மறந்துவிடும்' என்று பாட்டி சொன்னதே கடைசியில் பலித்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். ஒன்றை மட்டும் இரண்டு தடவை எடுத்தான்; மூன்றாம் தடவை வைத்துவிட்டான்.

அத்திரம்பாக்கத்துக்கே போகலாமே என்றும், குடியம் குகைகளைப் பார்க்கலாமே என்றும் சில நண்பர்கள் யோசனை சொல்லக்கூடும். அத்திரம்பாக்கத்தில் சிறு குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது வெயிலும் மண் ஓடையுமே. குகைகளுக்குக் காட்டு வழியில் வெகு தூரம் நடக்க வேண்டும். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டட்டும், குகைகள் காத்திருக்கும்.

நாலு மணிக்குத் திரும்ப ஆயத்தமாகிவிட்டால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திருவள்ளூர் ஸ்டேஷனில் இருக்கலாம். ரயில் ஆவடியைத் தாண்டுவதற்குள் குழந்தைகள் நிச்சயம் தூங்கிவிடுவார்கள். ஆகவே பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரே பையில் போட்டுத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் இரண்டு கையும் காலியாக வைத்துக்கொள்வது நலம்.