கோபுரம் விழுந்த பிறகு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். உன் கற்பனை நகரத்தின் கோட்டை வாசல், கட்டிய புதிதில் ஒன்று, எண்ணூறு ஆண்டு கழித்து ஒன்று. இரண்டாவதில் சுவரில் பாசி படிந்திருக்கிறது, கொடியின் நிறம் வேறு. மற்றபடி அதே வளைவு, அதே கதவு, காவலன் மேல் அதே இரும்புக் கவசம். கை தேர்ந்த வேலை, அதில் சந்தேகமே இல்லை. அந்த எண்ணூறு ஆண்டுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரிய வீடியோ கேம் கம்பெனிகளே இப்படித்தானே செய்கின்றன என்பாய். வாஸ்தவம். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 2014-ல் வந்த ஆன்லைன் விளையாட்டின் கதை, 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கதைக்கு ஏறத்தாழ 950 ஆண்டு முந்தையது. ஆனாலும் ஸ்கைரிம் ஆடிப் பழகியவர்கள் அந்த ஆன்லைன் விளையாட்டில் விண்ட்ஹெல்ம் நகரத்துக்குப் போனால் ஊரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நம் உலகத்தில் அந்த 950 ஆண்டு என்பது நார்மன்கள் இங்கிலாந்தில் வந்து இறங்கியதிலிருந்து கிட்டத்தட்ட இன்றுவரையான காலம்! தெரிந்த ஊரைத் தெரிந்த மாதிரியே பார்க்க ரசிகர்கள் ஆசைப்படுவார்கள், அது அந்தக் கம்பெனியின் கட்டாயம். உன் ஊரை இன்னும் யாரும் பார்க்கவில்லை. உனக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது.

ஸ்கைரிமில் எனக்கு மனசு ஆறாத இடம் விண்டர்ஹோல்ட். கதைப்படி நான்காம் யுகம் 122-ல் ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் சரிந்துபோனது. நாம் அங்கே போவது 201-ல். 79 ஆண்டு ஆகியும் இடிந்த வீடுகள் அப்படியே நிற்கின்றன, கூரை போன சுவரும் முறிந்த உத்தரமுமாக. வருஷம் முழுக்கப் பனி கொட்டுகிற ஊர் அது. பேரன் பேத்தி காலம் வந்தும் ஒருவர்கூட அந்த உத்தரத்தை உருவி அடுப்பெரிக்கவில்லை, அந்தக் கல்லைப் பெயர்த்து ஒரு தொழுவம் கட்டவில்லை. அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று என்னால் நம்பவே முடியவில்லை.

நிஜத்தில் இடிந்த இடம் என்ன ஆகும் என்பதற்கு, இங்கிலாந்தில் ஈலி பேராலயம் என்று ஒன்று இருக்கிறது, படங்களைத் தேடிப் பார். 1322 பிப்ரவரியில் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. ஆலயப் பொறுப்பில் இருந்த ஆலன் என்ற துறவி, விழுந்ததை விழுந்த மாதிரியே திரும்பக் கட்டவில்லை. பழைய தூண்கள் நின்ற இடத்தை விட்டுவிட்டு, அந்த நடுவெளியை இன்னும் அகலமாக எட்டுப் பட்டையாகத் திறந்தார். இருபது மீட்டருக்கு மேல் அகலம் வந்துவிட்டது, அதற்கு மேல் கல்லால் கூரை கவிப்பது ஆகாத காரியம். அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி வந்தார். ஒவ்வொன்றும் 63 அடி நீளமான எட்டு ஓக் மரங்களை நிறுத்தி, நடுவானத்தில் மிதக்கிற மாதிரி ஒரு ஒளிமாடத்தை எழுப்பினார்கள். கோபுரம் விழாமல் இருந்திருந்தால் அப்படி ஒன்று யாருக்கும் தோன்றியே இருக்காது. இன்றைக்கும் உள்ளே நின்று மேற்கே பார்த்தால் நார்மன்களின் அரைவட்ட வளைவுகள், தலைக்கு மேலே பார்த்தால் கூர்வளைவுகள். இடிபாடு எதுவரை வந்தது என்று கல்லே காட்டிக்கொடுக்கும்.

உன் வாசலும் அப்படி ஏதாவது காட்டிக்கொடுக்கட்டும். எண்ணூறு ஆண்டில் மண்ணும் குப்பையும் சேர்ந்து தெரு மேடேறும், வளைவின் கால்கள் தரைக்குள் புதையும். இரட்டைக் கதவில் ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்து யாராவது கடை போட்டிருப்பார்கள். காவலனின் கவசம் இன்னும் சிக்கலானது. உடம்பு முழுக்க மூடுகிற தகட்டுக் கவசம் 15-ம் நூற்றாண்டில்தான் முழு வடிவம் எடுத்தது, ஆனால் 1346-ல் கிரெசி போரிலேயே பீரங்கி வந்துவிட்டது. பின்னாளில் மார்க்கவசத்தைத் துப்பாக்கியால் சுட்டு, துளைக்காமல் குண்டு பதித்த பள்ளத்தையே அதன் தரத்துக்குச் சான்றாகக் காட்டினார்கள். வெடிமருந்தே வராத உன் உலகத்தில் அந்தக் கவசம் மட்டும் எப்படி வந்தது? கோட்டையும் கவசமும் இருந்த காலம் மாறாமல் நின்ற காலம் இல்லை; மூக்குக் கண்ணாடி, காற்றாலை, இயந்திரக் கடிகாரம் எல்லாம் நாம் இருண்ட காலம் என்று ஒதுக்குகிற அந்த இடைக்கால நூற்றாண்டுகளில் வந்தவைதான்.

இல்லை அக்கா, என் உலகம் மாறாமல்தான் இருக்க வேண்டும் என்றால், அதையும் மறுக்க மாட்டேன். ஜப்பானில் இசே கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-ல் நடந்தது 62-வது முறை. வடிவத்தை மாற்றுவதில்லை. அதற்காக எத்தனை பாடு! மரம் வெட்டும் சடங்குகள் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும், இளம் தச்சர்கள் மூத்தவர்கள் கூடவே நின்று கற்றுக்கொள்வார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பணமும் பாதுகாப்பும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் அந்த வழக்கமே நின்றுபோனது. ஒன்றை மாறாமல் வைத்திருக்க ஆளும் மரமும் அரசும் வேண்டும், கதிர். உன் வாசல் மாறவில்லை என்றால், அதை மாறாமல் காத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒரு தச்சர் குடும்பத்தை வை. அவர்களுக்கு மானியம் கொடுத்த ராஜாவை வை. நடுவில் இரண்டு தலைமுறை வேலை நின்றுபோகட்டும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கிறவனுக்கு அளவு சொல்லித்தர யார் மிச்சம் இருப்பார்கள் என்று யோசித்து எழுது. எழுதியதும் முதலில் எனக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அக்கா