வகுப்பறையில் ஒரு தண்ணீர்ப் போத்தல்



நம் வகுப்பறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "டீச்சர், கழிவறைக்குப் போகலாமா?" என்பதே அது. ஒருவன் எழுந்து கேட்டால் அவனைத் தொடர்ந்து நால்வர் கேட்பார்கள். ஆகவே பல வகுப்புகளில் இதற்கென்று விதிமுறைகள் இருக்கின்றன. அவ்விதிகளுக்குள் அடங்காத ஒரு மாணவனைப் பற்றியும், பட்டாணி அளவே உள்ள ஒரு சுரப்பியைப் பற்றியும் இன்று எழுத விழைகிறேன். பெற்றோரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து பதிகிறோம். பலருக்கு அது பாரங்களை நிரப்பும் வேலைதான். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரோ அந்த எண்களைப் படிக்கிறவர். ஒரு நாள் நான்கு அளவீடுகளை அருகருகே வைத்து, "இந்தப் பையன் ஓராண்டுக்கும் மேலாக ஒரு செண்டிமீட்டர்கூட வளரவில்லையே!" என்றார். அவ்வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டராவது வளர வேண்டும். அவன் அப்போது ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பு மாணவன். அடிக்கடி தலைவலி என்பான். மேசை மீதிருக்கும் தண்ணீர்ப் போத்தல் ஓய்வு நேரத்திற்கு முன்பே காலியாகிவிடும். இரண்டையும் சேர்த்துத் தாயாரிடம் பேசினோம்.

தாயார் தொழிற்சாலையில் பணிபுரிபவர். பேசத் தொடங்கியதும் கண்கலங்கிவிட்டார். பையன் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறான், பல நாட்கள் படுக்கையை நனைத்துவிடுகிறான் என்றார். உறவினர்கள், 'இந்த வயதிலேயே இனிப்புநீரா? மைலோவை அளவில்லாமல் கலக்கிக் கொடுத்தாயா?' என்று அவரைத்தான் குறை கூறினார்களாம். கிளினிக் ஒன்றில் இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். "சர்க்கரை இல்லைன்னா பின்ன ஏன் டீச்சர் இவ்வளவு தாகம்?" என்று அவர் கேட்டார். சரியான கேள்வி அதுதான். எங்கள் உயர அளவீடுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டோம். எம்.ஆர்.ஐ. படம் காரணத்தைக் காட்டியது. மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் அது இருந்த இடம் பொல்லாத இடம்.

இச்சுரப்பியைத் தமிழ்ப் பாடநூல்கள் கபச் சுரப்பி என்றும் குறிக்கின்றன. மூளையிலிருந்து சளியை மூக்குக்கு வடிக்கும் உறுப்பு இது என்று பழங்கால ஐரோப்பிய மருத்துவர்கள் கருதினார்கள். இலத்தீன் மொழியில் பிட்யூட்டா என்றால் கபம். உண்மையில் இது ஏறக்குறைய அரை கிராம் எடையில் உடலின் பல சுரப்பிகளுக்கு ஆணையிடும் தலைமைச் சுரப்பி. வளர்ச்சி, தைராய்டு, பருவமடைதல், தாய்ப்பால் சுரத்தல், நோயையும் அதிர்ச்சியையும் தாங்கும் கார்ட்டிசோல் ஆகியன இதன் முன்மடலைச் சார்ந்தவை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் இதன் பின்மடலிலிருந்து வெளிப்படுகிறது. அந்நீர் குறைந்தால் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தக்கவைக்க இயலாது. குடித்ததெல்லாம் வெளியேறிவிடும். நாளொன்றுக்குப் பல லிட்டர் சிறுநீர் கழியும். அவன் தாகத்தின் காரணம் இதுவே. சர்க்கரைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஆங்கிலத்தில் இந்நோயை நெடுங்காலம் டயபிடீஸ் இன்சிபிடஸ் என்றே அழைத்தார்கள். டயபிடீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் இனிப்புநீரையே நினைக்கிறார்கள். இக்குழப்பம் உயிரையும் பறித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், இந்நோயுடைய 22 வயது இளைஞர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்ந்தார். அவருக்குரிய மருந்து முறையாகக் கொடுக்கப்படவில்லை. தாகம் தாங்காமல் படுக்கையிலிருந்தே காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். இறுதியில் நீரிழப்பால் இறந்துபோனார். பராமரிப்பில் நேர்ந்த அலட்சியம் அவர் மரணத்திற்குத் துணைபோனது என்று 2012இல் நடந்த மரண விசாரணை முடிவு செய்தது. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, 2022இல் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்கள் வாசோபிரசின் குறைபாடு என்று பொருள்படும் புதிய பெயரைப் பரிந்துரைத்தார்கள். ஒரு நோய்க்குச் சரியான பெயர் எவ்வளவு முக்கியம் என்பதை மொழியாசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பையனுக்கு மூக்கு வழியாகவே அறுவைச் சிகிச்சை நடந்தது. சில நாள்கள் கழித்துப் பார்க்கச் சென்றேன். அந்த வார்டில் தாதியர் செய்த பணியை மறக்கவே முடியாது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், உறிஞ்சு குழலில் குடிக்கக்கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம் என்பதால் உடனே தெரிவிக்க வேண்டும். பார்வை நரம்புகள் சுரப்பிக்கு நேர் மேலே குறுக்கிட்டுச் செல்வதால், "இது எத்தனை விரல்?" என்று பக்கவாட்டில் காட்டி அடிக்கடி கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கணக்கு. மூத்த மலாய்த் தாதி ஒருவர், அவன் தாயாரிடமிருந்த பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கோடுகள் போட்டு மூன்று கட்டங்கள் வரைந்திருந்தார். மணி, குடித்த அளவு, கழித்த அளவு. "மினும் பெராபா, கென்ச்சிங் பெராபா" என்று தாயாருக்கு அவர் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டேன். எவ்வளவு குடித்தான், எவ்வளவு கழித்தான், அவ்வளவுதான். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்தத் தாய், மூன்றாம் நாளிலேயே மில்லிலிட்டர் கணக்கைத் தாமே எழுதினார். நல்ல கற்பித்தல் என்றால் அதுதான்.

இரு மாதங்களுக்குப் பின் பள்ளிக்குத் திரும்பினான். கட்டி நீங்கியது, ஆனால் சுரப்பியும் செயலிழந்துவிட்டது. இனி வாழ்நாள் முழுதும் மருந்துகளே அதன் வேலையைச் செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டுச் சிற்றுண்டிச் சாலையில் நாள்முழுதும் உட்கார்ந்திருக்கப் போவதாகத் தாயார் சொன்னார். வீட்டின் முதன்மை வருமானமே அவருடையதுதான். தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நான், தாயார் நால்வரும் அமர்ந்து பேசினோம். பயிற்சிப் புத்தகம் வகுப்புக்கும் வரும், கழிவறைக்கு அவன் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நண்பகல் மாத்திரையை என் முன்னிலையில் விழுங்குவான், அவசரத் தொலைபேசி எண்கள் ஆசிரியர் மேசையிலும் அலுவலகத்திலும் ஒட்டப்படும் என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் வாரத்தில் புத்தகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பள்ளி நேரத்தில் குடித்த அளவு பாதியாகக் குறைந்திருந்தது. தனியே அழைத்துக் கேட்டேன். "எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க டீச்சர். குடிக்கலன்னா வெளியே போக வேண்டாம்தானே?" என்றான். வெட்கத்தால் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தான்! மறுநாள் முதல் எங்கள் வகுப்பில் எல்லார் மேசையிலும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கதவருகே தொங்கவிட்ட அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு எவரும் கழிவறைக்குச் செல்லலாம், ஒரு நேரத்தில் ஒருவர் என்பதே விதி. அட்டை திரும்பியிருக்கும்போதும் அவன் காத்திருக்க வேண்டாம் என்பதை மட்டும் அவனிடம் தனியே சொல்லி வைத்தேன். முதல் வாரம் அட்டை ஓயாமல் திரும்பியது. பிறகு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவனையும் கவனிக்கவில்லை.

நிறையக் குடிப்பது மட்டுமே தீர்வு என்று எண்ணிவிடாதீர்கள். டெஸ்மோபிரசின் மருந்து உடலில் நீரைத் தக்கவைக்கும். அந்த மருந்து வேலை செய்யும் நேரத்தில் அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். எனவே அன்பு மிகுதியால் நண்பர்கள் பானம் வாங்கிக் கொடுப்பதையும் அன்பாகவே தடுத்தோம்.

ஒரு நாள் ஓய்வு நேரத்திற்குப் பின் அவன் வாந்தி எடுத்தான். முகம் வெளிறி, கைகால்கள் தளர்ந்தன. சிகிச்சை அறையில் சற்றுப் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். மற்ற பிள்ளைக்கு அது போதும். கார்ட்டிசோல் சுரக்காத பிள்ளைக்குப் போதாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட்டாக வேண்டும். தாமதித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அவசரப் பிரிவின் முகப்பில் வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள். தாயார் மருத்துவரின் கடிதத்தை எடுத்து நீட்டினார். உள்ளே அழைத்து ஊசி போட்டார்கள். மாலையில் கஞ்சி கேட்டானாம். அந்தக் கடிதம் எப்போதும் அவன் புத்தகப் பையின் முன்னறையில் இருந்தது.

உயரத்தைக் கேலி செய்த மாணவர்களுக்கு லயனல் மெஸ்ஸியின் கதையைச் சொன்னேன். சிறுவயதில் வளர்ச்சி இயக்குநீர்க் குறைபாட்டுக்காக ஊசி போட்டுக்கொண்டவர்தான் 2022இல் உலகக் கிண்ணத்தை ஏந்தினார். கூடவே ராபர்ட் வாட்லோ பற்றியும் சொன்னேன். அதே இயக்குநீர் மிகுந்ததால் 272 செண்டிமீட்டர் வளர்ந்த அமெரிக்கர் அவர். காலுக்குப் பொருத்திய தாங்கி உரசியதில் உண்டான கொப்புளம் புண்ணாகி, 1940இல் தம் 22ஆம் வயதில் இறந்தார். உலகிலேயே உயரமான மனிதரை வீழ்த்தியது ஒரு சிறு கொப்புளம். சிறியவற்றைக் கவனிப்பதே பராமரிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். இரவுதோறும் தாயார் வளர்ச்சி ஊசி போடுகிறார், வேலையையும் விடவில்லை. புதிய வகுப்பாசிரியரிடம் மூன்றாவது பயிற்சிப் புத்தகத்தை அவரே நேரில் கொண்டுபோய் விளக்கினார்.

ஆசிரியர்களே, உயரத்தை அளந்த கையோடு சென்ற முறை எண்ணையும் பாருங்கள். பெற்றோர்களே, வளராத உயரம், தணியாத தாகம், விடாத தலைவலி, பக்கவாட்டில் மங்கும் பார்வை, இவை சேர்ந்து வந்தால் சர்க்கரைச் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் நோயைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்தால்தான் எங்களால் காக்க முடியும்.